ஜே.பி.எல். கலம் 48 வருஷமா ஓடுது, நம்ம பெட்டி ஏன் நிக்குது?

கெடிலக்கரை (கடலூர் ஓ.டி.)
2 ஆகஸ்ட் 2025

நைசார் (நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோள்) மேல போனதிலிருந்து எல்லாரும் ஜே.பி.எல். பத்தியே, அதாவது பசடேனாவுல இருக்கிற நாசா ஆய்வகத்தப் பத்தியே பேசுறாங்க. நேரா சொல்லிடறேன்: அந்த ஆய்வகத்துக்கிட்ட நம்ம மாதிரி ஆளுங்க கத்துக்க ஒண்ணும் இல்ல. எல்லாம் பணம். கதிர்வீச்சைத் தாங்குற சிப், எதை எடுத்தாலும் ரெண்டு செட், ராட்சச ஆன்டெனா. அதான் 1977-ல அனுப்புன வாயேஜர் விண்கலம் ரெண்டும் இன்னும் பேசுது.

எங்க கல்லூரிக் குழு உப்பனாத்துல நீர்மட்டமும் உப்புத்தன்மையும் அளக்க கம்பத்து மேல ஒரு பெட்டி வெச்சிருக்கு. இ.எஸ்.பி.32 போர்டு (சின்னக் கணினி), எஸ்.எக்ஸ்.1262 லோரா மாடியூல் (குறைஞ்ச மின்சாரத்துல தூரமா பேசுற ரேடியோ), 866 மெகாஹெர்ட்ஸ், எஸ்.டி. கார்டு, கீழ பாத்தாப்ல அல்ட்ராசோனிக் சென்சார், ஒரே ஒரு 18650 லித்தியம் செல், 6 வோல்ட் சோலார் பேனல். கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் சத்தமே இல்ல. படகுல போயி ரீசெட் அமுக்குனா மறுபடி ஓடும். சிப் மட்டம், அவ்ளோதான். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

வில்லியனூரான் (புதுச்சேரி)
2 ஆகஸ்ட், இரவு

மறுக்கிறேன்.

வாயேஜரில் மூன்று வகைக் கணினிகள், ஒவ்வொன்றும் இரண்டு. ஆறின் நினைவகத்தையும் கூட்டினால் 70 கிலோபைட்டைத் தொடாது. உன் போர்டில் 520 கிலோபைட் இருக்கிறது. சிப்பைக் குறை சொல்லாதே.

வித்தியாசம் அந்தப் படகுதான். ரீசெட் அமுக்க ஆள் போக முடியாது என்பது பசடேனாவில் முதல் வரைபடம் போடும்போதே தெரியும். அதனால் "அறிவியல் வேலை எப்படி நடக்கும்" என்று எழுதுவதற்கு முன்பே "எது கெட்டாலும் கலம் எந்த நிலைக்குத் திரும்பி வந்து நிற்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பாதுகாப்பு நிலை என்று பெயர். அதில் நடப்பது ஏறக்குறைய இந்த வரிசை: ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைத் தொடரை நிறுத்து, அறிவியல் கருவிகளை அணை, சோலார் தகடு இருந்தால் சூரியனைப் பார்த்துத் திரும்பு, பூமியோடு பேசத் தோதான ஆன்டெனாவுக்கு மாறு, தரவு அனுப்பும் வேகத்தைக் குறை, காத்திரு. கலம் தனக்கு என்ன கோளாறு என்று ஆராய்ச்சி செய்யாது. மின்சாரமும், வெப்பமும், பேச்சும் மட்டும் காப்பாற்றப்படும். மிச்சத்தை யோசிக்கத் தரையில் ஆள் இருக்கிறார்கள்.

உன் பெட்டிக்கு அப்படி ஒரு நிலை இருக்கிறதா? இருந்தால் அதில் என்னென்ன அணையும், என்ன ஓடும், எழுதிப் போடு.

கெடிலக்கரை
3 ஆகஸ்ட்

அப்படி ஒண்ணும் இல்லண்ணா. ஆனா வாட்ச்டாக் இருக்கு, குறிச்ச நேரத்துக்குள்ள நிரல் தட்டலன்னா போர்டை ரீசெட் பண்ற டைமர். 10 நொடி. இருந்தும் நிக்குது.

வில்லியனூரான்
3 ஆகஸ்ட், மாலை

வாட்ச்டாக்கை எந்த இடத்தில் தட்டுகிறாய், தம்பி? டைமர் இன்டரப்ட்டுக்குள் (மெயின் வேலையை இடைமறித்துக் குறித்த நேரத்தில் ஓடும் சிறு நிரல்) என்றால் அது இருந்தும் இல்லாததுதான். மெயின் வேலை முழுக்க உறைந்து கிடந்தாலும் இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கும். இப்படிச் செய்: சென்சார், கார்டு, ரேடியோ என்று மூன்று பணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் சுற்று முடிந்ததும் ஒரு பிட்டை 1 ஆக்கட்டும். மூன்றும் 1 ஆனால் மட்டும் வாட்ச்டாக்கைத் தட்டு, உடனே மூன்றையும் 0 ஆக்கு. விழித்திருக்கும் சுற்று 20 நொடி என்றால் 10 நொடி வாட்ச்டாக் பொருந்தாது, 60 வை.

இன்னொன்று. கார்டும் லோராவும் ஒரே எஸ்.பி.ஐ. லைனில், அதாவது போர்டோடு பேசும் பொதுக் கம்பியில்தானே தொங்குகின்றன? அப்படியானால் பாத்ஃபைண்டரின் கதை உனக்கு நேராகவே பொருந்தும்.

1997 ஜூலை 4 செவ்வாயில் இறங்கிய கலம் அது. வானிலைத் தரவு எடுக்கத் தொடங்கிய சில நாளில் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. மூன்று பணிகள் மாட்டிக்கொண்டன. தகவல் பஸ்ஸை (கருவிகளுக்கிடையே தரவு போகும் பாதை) கவனிப்பது உயர் முன்னுரிமைப் பணி. வானிலை எடுப்பது தாழ்ந்த முன்னுரிமை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு: ஒன்று அதைப் பிடித்திருந்தால் விடும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். வானிலைப் பணி பூட்டைப் பிடித்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில், நடு முன்னுரிமைத் தகவல்தொடர்புப் பணி கிளம்பிவிட்டது. நடு, தாழ்ந்ததை ஓட விடாது. தாழ்ந்தது ஓடாமல் பூட்டு திறக்காது. பூட்டு திறக்காமல் உயர்ந்தது ஓட முடியாது. பஸ் வேலை உரிய நேரத்தில் முடியவில்லை என்று கண்டதும் மென்பொருள் மொத்தக் கணினியையும் ரீசெட் செய்தது.

ஆய்வகத்தில் இருந்த நகலில் நடப்பதையெல்லாம் பதியும் ட்ரேஸ் போட்டு அதே நிலை வரும்வரை ஓட விட்டார்கள். வந்ததும் பிடிபட்டது. வி.எக்ஸ்.வொர்க்ஸ் இயங்குதளத்தில் அந்தப் பூட்டுக்கு முன்னுரிமை மரபு (பூட்டைப் பிடித்திருக்கும் தாழ்ந்த பணி, காத்திருக்கும் உயர்ந்த பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறுவது) என்ற அமைப்பு அணைந்து கிடந்தது. அதை இயக்கி, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள்.

உன் போர்டில் ஓடுவது ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ். என்ற இயங்குதளம். அதில் பூட்டை மியூடெக்ஸ் என்று உருவாக்கினால் முன்னுரிமை மரபு தானாக உண்டு. பைனரி செமஃபோர் என்று உருவாக்கினால் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவற்றில் பைனரி செமஃபோர்தான் இருக்கிறது. போய்ப் பார்.

கெடிலக்கரை
4 ஆகஸ்ட்

பைனரி செமஃபோர்தான் இருக்கு. மாத்துறோம்.

தேவனாம்பட்டினம் ரேடியோ
5 ஆகஸ்ட்

பெட்டி உங்களோட பேசுது. நீங்க பெட்டியோட பேசுறீங்களா? ஒருவழிப் பேச்சு மட்டும்னா ரிசீவர் செத்துப் போனது யாருக்கும் தெரியாது.

ஜே.பி.எல். கலங்கள்ல கட்டளை-இழப்பு டைமர்னு ஒண்ணு உண்டு. பூமியிலிருந்து கடைசியா கட்டளை வந்த நேரத்திலிருந்து எண்ணும். குறிச்ச காலம் தாண்டிட்டா "பூமி சும்மா இல்ல, என் காதுதான் போச்சு"னு முடிவு பண்ணி மாற்று ரிசீவருக்குப் போகும்.

1978 ஏப்ரல்ல வாயேஜர் 2-க்கு ஒரு வாரம் கட்டளை எதுவும் போகல. டைமர் முடிஞ்சு மாற்று ரிசீவருக்கு மாறிடுச்சு. மாற்றுல அலைவரிசையைத் துரத்துற சுற்றுல ஒரு கெபாசிட்டர் கெட்டிருந்தது. டாப்ளர் விலகல் (நகர்றதால அலைவரிசை மாறுறது) இருக்கும்போது அதால சிக்னலைப் பிடிக்க முடியாது. 12 மணி நேரம் கழிச்சு டைமர் முதல் ரிசீவருக்குத் திரும்புச்சு. அரை மணி நேரத்துல அது மொத்தமா போச்சு. மறுபடி ஒரு வாரம் காத்திருந்து, டைமர் தானா மாற்றுக்கு மாறின பிறகுதான் பேச முடிஞ்சது. அன்னைலிருந்து இன்னிவரைக்கும் வாயேஜர் 2 அந்தக் கெட்ட ரிசீவர்லதான் கேக்குது. சுமார் 100 ஹெர்ட்ஸ் அகல ஜன்னல்தான். கலத்துக்குள்ள வெப்பநிலை ஒரு டிகிரிக்கும் குறைவா மாறினாலே ஜன்னல் நகர்ந்துடும். எங்க நகர்ந்திருக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, பூமி சுழற்சியையும் கழிச்சு, அனுப்புற அலைவரிசையை நொடிக்கு நொடி மாத்தி அனுப்புறாங்க.

உங்களுக்கு: தரை நிலையத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு சின்ன "கேட்டேன்" பேக்கெட் அனுப்புங்க. பெட்டி 24 மணி நேரம் அதைக் கேக்கலன்னா ரேடியோவை மறுபடி துவக்கணும். 48 மணின்னா ரேடியோவுக்குப் போற மின்சாரத்தையே பி-சேனல் மாஸ்ஃபெட் சுவிட்சால அறுத்து 30 நொடி கழிச்சு கொடுக்கணும். 72 மணின்னா எல்லா அமைப்பையும் தூக்கிப் போட்டுட்டு, யாருக்கும் தெரிஞ்ச ஒரே இயல்பு நிலைக்கு வரணும்: எஸ்.எஃப்.12 (மெதுவா, ஆனா தூரமா பேசுற லோரா அமைப்பு), 125 கிலோஹெர்ட்ஸ் அகலம், ஒரே சேனல். அந்த இயல்பு நிலையைப் பேப்பர்ல எழுதி நிலையத்துச் சுவத்துல ஒட்டுங்க.

அலைவரிசை அகலத்தைச் சுருக்கி தூரம் வாங்கலாம்னு பாக்காதீங்க. லோரா, அகலத்துல கால் பங்கு விலகல் வரைக்கும் பொறுக்கும். சாதா கிரிஸ்டல் வெயில்ல 10 பி.பி.எம். (பத்து லட்சத்துல 10 பங்கு) நகர்ந்தா 866 மெகாஹெர்ட்சுல அது 8.7 கிலோஹெர்ட்ஸ். 125-க்குக் கால் பங்கு 31, பிரச்னை இல்ல. 20.8-க்குக் கால் பங்கு 5.2 தான். சித்திரை மத்தியானம் பெட்டி பேசாது, ராத்திரி பேசும்.

வில்லியனூரான்
5 ஆகஸ்ட்

மேலே ரேடியோ அண்ணன் சொன்ன இயல்பு நிலைக்கு இன்னொரு சாட்சி. 2023 ஜூலையில் போன ஒரு கட்டளையால் வாயேஜர் 2-இன் ஆன்டெனா பூமியிலிருந்து 2 டிகிரி விலகிவிட்டது. பேச்சு நின்றது. ஆனால் கலம் வருடத்தில் சில முறை தானாகவே ஆன்டெனாவைப் பூமிக்கு நேராக்கிக்கொள்ளும்படி முன்பே எழுதியிருந்தது. அடுத்த தேதி அக்டோபர் 15. எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் அன்று திரும்பியிருக்கும். கான்பராவின் 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து முழு சக்தியில் கட்டளை அனுப்பிப் பார்த்தார்கள், ஆகஸ்ட் 4 அன்று மீண்டது. தெற்கு நோக்கிப் போகும் அந்தக் கலத்துக்குக் கட்டளை அனுப்ப உலகில் அந்த ஒரு ஆன்டெனாவால்தான் முடியும்.

ஆகவே பெட்டியை வாரம் ஒருமுறை, எல்லாம் நன்றாக ஓடும்போதே, திட்டமிட்டு ரீசெட் செய். ஞாயிறு விடியற்காலை 3 மணி என்று வைத்துக்கொள்.

கெடிலக்கரை
9 ஆகஸ்ட்

மியூடெக்ஸ் மாத்தினோம், மூணு பிட் முறை போட்டோம். இப்ப வேற மாதிரி. உறையறதில்ல. திரும்பத் திரும்ப ரீசெட் ஆகுது. நிமிஷத்துக்கு நாலு தடவை. கார்டைக் கழட்டினா நிக்குது, அதாவது ரீசெட் ஆகுறது நிக்குது.

வில்லியனூரான்
9 ஆகஸ்ட், இரவு

ஸ்பிரிட் ரோவருக்கு வந்ததே இதுதான், ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து.

2004 ஜனவரி 21. செவ்வாயில் 18-ஆவது நாள். முதலில் கான்பராவில் இடிமழை, அதனால் சிக்னல் கெட்டது என்றுதான் நினைத்தார்கள். பிறகு தெரிந்தது: ரோவர் துவங்குகிறது, ஃபிளாஷ் நினைவகத்தின் கோப்பு அமைப்பை ஏற்றப் பார்க்கிறது, கோப்புகளின் எண்ணிக்கை அதிகமாகிவிட்டதால் பட்டியலை வைக்க ரேமில் இடம் போதவில்லை, விழுகிறது, மறுபடி துவங்குகிறது. 60 தடவைக்கு மேல். இரவில் தூங்கவும் முடியாமல் பேட்டரி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. கெட்டது ஃபிளாஷ் சிப் இல்லை. கோப்புகளை நீக்கினாலும் கோப்பகம் சுருங்காமல் வளர்ந்துகொண்டே போனதுதான் காரணம்.

ஃபிளாஷைத் தொடாமலே துவங்கு என்று ஒரு கட்டளை அந்த மென்பொருளில் இருந்தது. அதை அனுப்பினார்கள். எழுந்த பிறகு தேவையில்லாத கோப்புகளை நீக்கி, பிறகு ஃபிளாஷை ஃபார்மட் செய்து, ரோவர் பல ஆண்டு ஓடியது.

உனக்கு வேண்டியது அந்த "தொடாமலே துவங்கு". துவக்க எண்ணி ஒன்று வை. ஒவ்வொரு துவக்கத்திலும் 1 கூட்டு. ஐந்து நிமிடம் நலமாக ஓடினால் 0 ஆக்கு. எண்ணி 3-ஐத் தொட்டால் கார்டைத் தொடாதே, உப்புத்தன்மை சென்சாரையும் தொடாதே. பேட்டரி வோல்ட், துவக்க எண்ணி, கடைசி ரீசெட் காரணம், இவை மட்டும் அனுப்பிக் காத்திரு. எண்ணியை போர்டின் ஆர்.டி.சி. நினைவகத்தில் வைக்கலாம், ஆனால் மின்சாரம் போனால் அது அழியும். எம்.பி.85.ஆர்.சி.256 என்ற 32 கிலோபைட் எஃப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சிப் ஒன்றைச் சேர். எழுதி எழுதித் தேயாது.

இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு திறக்கிறாயா? நாளுக்கு ஒன்று போதும். மாதத்துக்கு ஒரு கோப்பகம்.

அதோடு, கார்டு போட்டால் மட்டும் ரீசெட் என்பதால் மின்சாரத்தையும் பார். போர்டில் இருக்கும் மூன்று கால் ரெகுலேட்டர் ஏ.எம்.எஸ்.1117 என்றால் அதற்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி வேண்டும். 3.7 வோல்ட் செல்லிலிருந்து 3.3 எப்படி வரும்? இறங்கிய செல்லில் கார்டு எழுதும் நேரமும் ரேடியோ அனுப்பும் நேரமும் ஒன்றானால் ப்ரவுன்-அவுட் (வோல்ட் இறங்கி போர்டு ரீசெட் ஆவது) நிச்சயம். எம்.இ.6211 மாதிரி குறைந்த இடைவெளி ரெகுலேட்டர் போடு, ரேடியோவின் காலுக்குப் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடு, எழுதுவதையும் அனுப்புவதையும் ஒரே நேரத்தில் செய்யாதே. ரீசெட் காரணப் பதிவைப் பார்த்தால் ப்ரவுன்-அவுட்டா வாட்ச்டாக்கா என்று போர்டே சொல்லிவிடும்.

முத்தியால்பேட்டை
10 ஆகஸ்ட்

இவ்வளவு ஒழுங்கு பேசுற ஜே.பி.எல்.தானே அங்குலமும் மீட்டரும் குழப்பி ஒரு கலத்தையே விட்டுச்சு?

வில்லியனூரான்
10 ஆகஸ்ட்

அங்குலம் இல்லை. கணத்தாக்கு (விசை × நேரம்): பவுண்டு-விசை-நொடி எதிர் நியூட்டன்-நொடி. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர் 23. கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் தரை மென்பொருள் பவுண்டு கணக்கில் கோப்பு தந்தது, ஒப்பந்த ஆவணம் நியூட்டன் கேட்டது, பெற்றுக்கொண்ட ஜே.பி.எல். வழிசெலுத்தல் குழு 4.45 மடங்கு பிழையோடு அதைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு சிறு உந்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயைக் கடக்க வேண்டியது, சுமார் 57-இல் போய்விட்டது. பயணத்தின்போதே கணக்கு ஒத்துவரவில்லை என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. அது முறைப்படி மேலே போகவில்லை. விசாரணைக் குழு அலகோடு சேர்த்து அதையும் சுட்டிச் சொன்னது, சரியாகத்தான் சொன்னது என்பது என் எண்ணம். ஆளுக்குத் தவறு வரும். தவறை வழியில் பிடிக்க ஒரு இடம் இருக்க வேண்டும்.

தம்பி, உன் பேக்கெட்டில் நீர்மட்டம் செ.மீ.யா மி.மீ.யா? அல்ட்ராசோனிக்கில் ஒலி வேகத்துக்கு ஒரே எண்ணா? 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர், 40 டிகிரியில் 355. இரண்டு மீட்டர் தூரத்தில் அது 5 செ.மீ. பிழை. உப்பனாற்று ஓதத்தில் 5 செ.மீ. பெரிய தொகை. நிழலில் ஒரு வெப்பமானி வைத்துத் திருத்து. நீர் சென்சாருக்கு 25 செ.மீ.க்குள் ஏறினால் அந்த வகை சென்சார் அளக்காது, கம்பத்தை உயர்த்து.

கெடிலக்கரை
14 ஆகஸ்ட்

காரணப் பதிவுல ப்ரவுன்-அவுட்னுதான் வந்துச்சு. ரெகுலேட்டர் மாத்தியாச்சு. கோப்பு நாளைக்கு ஒண்ணு.

ஆனா மொதல் கேள்வி அப்படியே இருக்குண்ணா. கதிர்வீச்சு தாங்குற சிப்புக்குக் காசு கொட்டுறாங்கள்ல?

வில்லியனூரான்
15 ஆகஸ்ட்

கொட்டுகிறார்கள், தேவை இருக்கும் இடத்தில். கியூரியாசிட்டி ரோவரில் ஓடும் ராட்750 செயலி 200 மெகாஹெர்ட்சுக்குள்தான் ஓடும், விலை மிக அதிகம். அதிலும் இரண்டு கணினி. 2013 பிப்ரவரியில் ஏ பக்கத்து ஃபிளாஷ் கெட்டது, பி பக்கத்துக்கு மாறினார்கள். 2018-இல் பி பக்கம் தரவைச் சேமிக்க மறுத்தது, மறுபடி ஏ.

ஆனால் செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரைப் பார். 1.8 கிலோ. ராட்750 ஏற்ற எடையும் இல்லை, பறக்கும்போது கேமராப் படங்களைக் கணக்கிட அதற்கு வேகமும் இல்லை. அதனால் கைபேசியில் வரும் ஸ்னாப்டிராகன் 801-ஐப் போட்டார்கள். அதற்குக் கீழே பறத்தல் கட்டுப்பாட்டுக்கு ஒன்றையொன்று சரிபார்க்கும் இரண்டு மைக்ரோகன்ட்ரோலர். இவற்றையெல்லாம் மேற்பார்க்க, கதிர்வீச்சை நன்றாகத் தாங்கும் ஒரு எஃப்.பி.ஜி.ஏ. சிப். ஒரு பக்கம் தடுமாறினால் அடுத்ததுக்கு மாற்று, மின்சாரத்தை அறு, கொடு. ஐந்து பறத்தலுக்குத் திட்டமிட்டது. 2021 ஏப்ரல் 19 முதல் 2024 ஜனவரி 18 வரை 72 பறந்தது. கடைசியில் உடைந்தது இறக்கை, சிப் இல்லை.

உன் அளவுக்கு அதன் பொருள்: இ.எஸ்.பி.32-க்கு உள்ளே இருக்கும் வாட்ச்டாக்கை மட்டும் நம்பாமல், வெளியே டி.பி.எல்.5010 மாதிரி தனி டைமர் சிப் ஒன்று. அதன் துடிப்புக்கு போர்டு பதில் தராவிட்டால் அது ரீசெட் கோட்டை இழுக்கும். விலை பெரிதில்லை. உன் படகு டீசலைவிடக் குறைவு.

பாகூர் ஏரி
20 ஆகஸ்ட்

நைசார் என்று தொடங்கிய இழை, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. ரேடார் முழுவதும் ஜே.பி.எல். கொடுத்தது என்று வேறொரு இடத்தில் ஒருவர் எழுதியிருந்தார், தவறு. எல்-பேண்ட் ரேடார், 12 மீட்டர் பிரதிபலிப்பான், அதைத் தாங்கும் 9 மீட்டர் கை ஆகியவை ஜே.பி.எல். வழி. எஸ்-பேண்ட் ரேடார், கலத்தின் உடல், ராக்கெட் ஆகியவை இஸ்ரோ. ஜூலை 30 மாலை 5.40-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.-எஃப்16.

கையை ஆகஸ்ட் 9 முதல் ஒரு நாளைக்கு ஒரு மூட்டாகத்தான் விரித்தார்கள். 15-ஆம் தேதி பிரதிபலிப்பான். முதலில், அதைப் பிடித்திருந்த சிறு வெடி-போல்ட்டுகள் வெடித்து விடுவித்தன. பிறகு சட்டத்தில் அடைத்து வைத்த இழுவிசையாலேயே அது விரியத் தொடங்கும். கடைசியில் மோட்டாரும் கம்பியும் இழுத்துப் பூட்டும். 123 கலப்புப்பொருள் கம்புகள், தங்கம் பூசிய வலை, மொத்தம் 64 கிலோ. ஏவுவதற்கு முன் இதைக் கலிஃபோர்னியாவுக்கே திருப்பி அனுப்பி, மடித்த நிலையில் வெயில் சூடு ஏறாமலிருக்கப் பூச்சு போட்டார்கள். ஒரு வருடம் தள்ளினாலும் பரவாயில்லை என்றது எனக்கு மிகவும் பிடித்தது. விரியாத ஆன்டெனா என்ன செய்யும் என்பதை அந்த ஆய்வகம் கலிலியோ விண்கலத்தில் பார்த்திருக்கிறது.

நம் பக்கத்துக்கு இதன் பயன் பெரிது. எல்-பேண்ட் அலைநீளம் 24 செ.மீ.; இலைகளைத் தாண்டி உள்ளே போகும். பிச்சாவரத்தில் மரத்தடியில் நீர் நின்றால், அலை நீரில் பட்டு அடிமரத்தில் பட்டுத் திரும்பும், படத்தில் பளிச்சென்று வரும். திறந்த அமைதியான நீர் கருப்பாக வரும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்கிறார்கள். சுற்றுவட்டத்தில் தரை அசைகிறதா என்பதை, 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் எடுக்கும் படங்களை ஒப்பிட்டு செ.மீ. அளவில் பார்க்க முடியும்.

தம்பி பெட்டி ஒழுங்காக ஓடினால் அது வெறும் கல்லூரி வேலை இல்லை. வானிலிருந்து எடுத்த படம் சரியா என்று சொல்ல, தரையில் ஒரு அளவு.

கெடிலக்கரை
20 ஆகஸ்ட்

அக்கா, இத நான் யோசிக்கவே இல்ல. கலிலியோவுக்கு என்ன ஆச்சு?

தேவனாம்பட்டினம் ரேடியோ
21 ஆகஸ்ட்

நான் சொல்றேன். 1989-ல ஏவினது, 1991 ஏப்ரல்ல பெரிய ஆன்டெனாவை விரிக்கச் சொன்னாங்க. 18 விலா, வலை. சில விலா நடுத்தண்டுலயே ஒட்டிக்கிச்சு. சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு ஏவல் தள்ளிப்போயி, லாரியில நாட்டுக்குக் குறுக்கே கொண்டுபோய் கொண்டுவந்ததுல ஊசிகள்ல இருந்த மசகு தேஞ்சிருக்கும்ங்கிறதுதான் முடிவு. சூடாக்கினாங்க, குளிராக்கினாங்க, மோட்டாரைத் தட்டித் தட்டிப் பாத்தாங்க. வரல.

மிச்சம் இருந்தது சின்ன ஆன்டெனா. வியாழன் கிரகத்துல இருந்து நொடிக்கு 134 கிலோபிட் வர வேண்டிய இடத்துல 10 பிட் அளவு. அதை வெச்சு என்ன செஞ்சாங்கன்னுதான் பாக்கணும்: கலத்துக்குப் புது மென்பொருள் அனுப்பி படங்களைச் சுருக்குனாங்க, நாடாவுல பதிஞ்சு வெச்சு மாசக்கணக்குல சொட்டுச் சொட்டா இறக்குனாங்க, பூமியில பல ஆன்டெனாவைச் சேர்த்து ஒரே காதாக்குனாங்க. நொடிக்கு 160 பிட் வரை ஏத்திட்டாங்க. பெரும்பாலான அறிவியல் கிடைச்சிடுச்சு.

உங்க எஸ்.எஃப்.12 லிங்க் நொடிக்கு சுமார் 290 பிட். கலிலியோவை விட அதிகம்! 12 பைட் பேக்கெட்டுக்கு சுமார் 1.2 நொடி வானத்துல, 50 பைட்டுக்கு 2.3 நொடி. நலம் சொல்ற பேக்கெட்டை 12 பைட்டுக்குள்ள அடக்குங்க, எழுத்தா அனுப்பாதீங்க, பிட்டா அடுக்குங்க. அளவுகளை ஒரு மணி நேரத்துக்குச் சேத்து வித்தியாசம் மட்டும் அனுப்புங்க.

ஆன்டெனா இணைப்புல கடற்காத்து ஏறும். தேவனாம்பட்டினத்துல திறந்து விட்ட எஸ்.எம்.ஏ. கனெக்டர் ஒரு மழைக்காலத்துல பச்சை பூத்துடும். தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்தி, மேல பி.வி.சி. டேப். கேபிள் பெட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு தொங்கணும், தண்ணி அங்க சொட்டிடும்.

வில்லியனூரான்
2 செப்டம்பர்

ஐப்பசி மழைக்கு முன் பெட்டியைத் திரும்ப வைக்கப் போகிறீர்கள் என்று தனியே எழுதியிருந்தாய். அதற்கு முன் ஒன்று: இரண்டாவது பெட்டி கட்டு. அதே போர்டு, அதே கடையில் வாங்கிய அதே மாடியூல், அதே நீளக் கேபிள். அது ஆற்றுக்குப் போகாது, மேசையில் இருக்கும்.

கியூரியாசிட்டிக்கு மேகி, பெர்சிவரன்ஸ் ரோவருக்கு ஆப்டிமிசம் என்று முழு அளவு இரட்டைகள் பசடேனாவில் இருக்கின்றன. 2016 டிசம்பரில் கியூரியாசிட்டியின் துளைக்கருவியை முன்தள்ளும் மோட்டார் நின்றது. துரப்பணத்தை முழுக்க வெளியே நீட்டி வைத்துவிட்டு, ரோவரின் கையாலேயே அழுத்தித் துளைக்கும் புது முறையை இரட்டையில் பழகி, 2018 மே மாதம் செவ்வாயில் மறுபடி துளைத்தார்கள். அந்தக் கை அப்படித் துளைப்பதற்காக வடிவமைக்கப்பட்டதில்லை.

மென்பொருள் மாற்றத்துக்கு வாயேஜர் 1-ஐப் பார். 2023 நவம்பரில் அர்த்தமில்லாத பிட் வரிசை வரத் தொடங்கியது. 2024 மார்ச் தொடக்கத்தில் ஒரு கட்டளையால் தூண்டினார்கள். வந்த பதிலுக்குள் தரவுக் கணினியின் முழு நினைவகமும் இருந்ததை ஒரு பொறியாளர் பிரித்தெடுத்தார். பழைய பிரதியோடு ஒப்பிட்டதில் சுமார் 3 சதவீதம் கெட்டிருந்தது, ஒரே சிப். அந்த நிரல் மொத்தமாகப் போய் உட்கார வேறு காலி இடம் இல்லை. துண்டு துண்டாக வெட்டி அங்கங்கே வைத்து, ஒன்றையொன்று அழைக்கும் முகவரிகளைத் திருத்தி, ஏப்ரல் 18 முதல் துண்டை அனுப்பினார்கள். போக 22.5 மணி, வர 22.5 மணி. 20-ஆம் தேதி கலம் தன் நலத்தைச் சொன்னது. இதற்கெல்லாம் அடிப்படை, கலத்துக்குள் இருக்க வேண்டியது என்ன என்பதன் சரியான பிரதி தரையில் இருந்தது.

உன் முறை இப்படி இருக்கட்டும். ஃபிளாஷில் இரண்டு நிரல் இடம், ஒன்றில் ஓடுவது, மற்றதில் புதியது. புதியது மேசைப் பெட்டியில் ஒரு வாரம் ஓட வேண்டும். இன்னொருவர் மாற்றத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். பிறகுதான் ஆற்றுப் பெட்டிக்கு. சரிபார்ப்புக் கூட்டு ஒத்தால் மட்டும் புதியதிலிருந்து துவங்கு; துவங்கியபின் தரையிலிருந்து ஒரு "கேட்டேன்" வந்தால் மட்டும் "இது நல்லது" என்று குறி. குறி விழுமுன் ரீசெட் ஆனால் துவக்க நிரல் தானே பழையதற்குத் திரும்பும், இ.எஸ்.பி.32-இல் அந்த வசதி உண்டு, தொகுக்கும்போது இயக்க வேண்டும். லோராவில் முழு நிரல் அனுப்புவது நடைமுறையில் முடியாது. படகில் போகும்போது வை-ஃபையில் செய், மிச்ச நேரம் வை-ஃபை அணைந்திருக்கட்டும். லோராவில் அமைப்பு எண்கள் மட்டும்: இடைவெளி, வேகம், எந்த சென்சார் ஓட வேண்டும்.

வில்லியனூரான்
3 செப்டம்பர்

நேற்று விட்டது, மின்சாரம். மழைக்காலத்தில் தொடர்ந்து நாலைந்து நாள் வெயில் இருக்காது. எது முதலில் அணையும் என்ற வரிசை இப்போதே முடிவாக வேண்டும். வாயேஜரின் அணு மின்மூலம் ஆண்டுக்கு சுமார் 4 வாட் இழக்கிறது. 2024 செப்டம்பரில் வாயேஜர் 2-இன் பிளாஸ்மா கருவி, 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1-இன் காஸ்மிக் கதிர்க் கருவி, மார்ச்சில் வாயேஜர் 2-இன் மின்னூட்டத் துகள் கருவி, இப்படி ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். அந்த வரிசையை முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

3.7 வோல்ட்டுக்குக் கீழே: அளவு இடைவெளி 15 நிமிடத்திலிருந்து 60. 3.6: உப்புத்தன்மை சென்சார் அணை. 3.5: கார்டு அணை. 3.4: ஆறு மணி நேரத்துக்கு ஒரு நலப் பேக்கெட் மட்டும். ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் 0.15 வோல்ட் கூடுதலாகக் கேள், இல்லையென்றால் எல்லையில் ஆடிக்கொண்டே இருக்கும்.

கெடிலக்கரை
26 செப்டம்பர்

ரெண்டாவது பெட்டி மேசையில ஓடுது. ஆத்துப் பெட்டி இந்த வாரம் போகுது. நைசார் முதல் படங்களும் நேத்து வெளிவந்துடுச்சு. பாகூர் அக்கா, எங்க அளவு உங்களுக்கு ஒத்துவர வேற என்ன வேணும்?

பாகூர் ஏரி
28 செப்டம்பர்

இரண்டு.

கம்பத்தில் பூஜ்யம் எங்கே என்று குறிக்க வேண்டும். சென்சார் முகத்திலிருந்து எத்தனை மி.மீ. கீழே, அது கரையில் எந்த நிலையான கல்லோடு ஒப்பிட்டது என்பதைப் புகைப்படத்தோடு பதிவு செய்யுங்கள். கம்பம் சாய்ந்தால் அதுதான் துணை.

அடுத்தது நேரம். போர்டின் உள் கடிகாரம் தூக்கத்தில் நிறைய விலகும். டி.எஸ்.3231 கடிகாரச் சிப் போடுங்கள், ஆண்டுக்கு இரண்டு நிமிடத்துக்குள் நிற்கும். அதையும் அடிக்கடி திருத்தாதீர்கள். ஜே.பி.எல்.-இல் கலத்தின் கடிகாரத்தைத் தொட மாட்டார்கள். அது எண்ணிக்கொண்டே போகும், எவ்வளவு விலகியது என்ற அட்டவணையைத் தரையில் வைத்துத் தரவை அதன்படி திருத்துவார்கள். நீங்களும் ஒவ்வொரு "கேட்டேன்" பேக்கெட்டின்போதும் பெட்டியின் எண்ணையும் தரை நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். நேரம் முழுவதும் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்).